பழைய சிடி பிளேயரில் லேசர் மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அப்பா 1991இல் வாங்கிய பிளேயர், எந்த சிடியைப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்றே காட்டுகிறது. லேசர் போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள். உடனே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மேல்மூடியைக் கழற்றி, சிடி இல்லாமல் ட்ரேயை மூடிப் பாருங்கள். லென்ஸ் மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை அசைந்து, பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கும்போது உள்ளே மங்கலான சிவப்புப் புள்ளி தெரிந்தால், லேசர் முற்றிலும் செத்துவிடவில்லை. நேர் மேலிருந்து ஒருபோதும் பார்க்கக் கூடாது. 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரில் நம் கண்ணுக்குத் தெரிவது மிகச் சிறு பங்குதான். பிறகு பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை லேசாக நனைத்து, அழுத்தாமல் லென்ஸைத் துடையுங்கள். லேசரும் லென்ஸும் அடங்கிய பகுதியான பிக்கப் நகரும் கம்பியில் இறுகிப்போன பழைய கிரீஸையும் துடைத்துவிட்டுப் புதியது தடவுங்கள். இவ்வளவிலேயே பாடத் தொடங்கிய பிளேயர்கள் உண்டு.

கேள்வி: லேசர் பலவீனமாகிவிட்டதை அளந்து உறுதிசெய்ய முடியுமா ஐயா?

பதில்: முடியும். சோனி பிக்கப்கள் பலவற்றில் ஒட்டியிருக்கும் சீட்டின் கடைசி மூன்று இலக்கங்கள், அது புதிதாக இருந்தபோது எடுத்துக்கொண்ட மின்னோட்டத்தைக் குறிக்கும்; 512 என்றால் 51.2 மில்லிஆம்பியர். லேசர் ஓட்டும் சுற்றில் சர்வீஸ் மேனுவல் காட்டும் மின்தடையின் குறுக்கே மல்டிமீட்டரில் வோல்ட்டை அளந்து, அதை ஓம் மதிப்பால் வகுத்தால் இன்றைய அளவு கிடைக்கும். அது சீட்டில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்து சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் மாற்றுவதே சரி.

கேள்வி: பிக்கப்பில் உள்ள பிரீசெட்டை, அதாவது லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகை, சற்றுத் திருப்பினால் ஓடும் என்கிறார்களே?

பதில்: சில வாரங்கள் ஓடும். தேய்ந்த லேசர் டையோடைக் கூடுதலாக வருத்துவதால் மிச்சமிருக்கும் ஆயுளும் கரைந்துவிடும். தயவுசெய்து தொடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது பழைய பிலிப்ஸ். சோனி கேஎஸ்எஸ்-240ஏ பிக்கப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பிலிப்ஸின் சிடிஎம்-1, சிடிஎம்-4 ஆகிய மெக்கானிசங்களில் லேசர் ஒரு கையின் நுனியில் அமர்ந்து, அச்சில் ஊசலாடியபடி சிடியைப் படிக்கிறது, ஒரே கற்றைதான். சோனியுடையது நேர்கோட்டில் நகர்வது, மூன்று கற்றைகள் கொண்டது. லேசரைச் சரியான இடத்தில் நிறுத்தும் சர்வோ சுற்றே வேறு என்பதால், அதே எண்ணுள்ள மெக்கானிசத்தைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: புது பிக்கப் மாட்டியும் ஓடவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் பிக்கப்பின் சிறு போர்டைப் பாருங்கள். நிலைமின்சாரம் லேசர் டையோடைக் கொன்றுவிடாமல் இருக்க, அதன் முனைகளை ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்தே அனுப்புவார்கள். கடுகளவுதான் இருக்கும், பக்கத்துச் சாலிடர் இணைப்புகளோடு கலந்து கண்ணில் படாது. அதை எடுக்காதவரை லேசர் எரியாது. நானும் ஒருமுறை அதைக் கவனிக்காமல், நல்ல பிக்கப்பைப் பழுது என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் வேறெங்கோ தேடியிருக்கிறேன். கையில் எர்த் பட்டை அணிந்து, ஃப்ளெக்ஸ் கேபிளை மாட்டிய பிறகே, எர்த் செய்த சாலிடரிங் அயர்னால் அந்த ஈயத்தை எடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் புது டையோடு மாட்டும் முன்பே போய்விடும்.

கேள்வி: மாற்றியாயிற்று, ஆனால் முதல் பாட்டுகள் மட்டும் தாவுகின்றன.

பதில்: சிடி உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று, முடிவில் 200 சுற்று. வேகம் அதிகம் தேவைப்படும் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது என்றால், என் சந்தேகம் லேசர்மீது அல்ல, சிடியைச் சுழற்றும், தேய்ந்துபோன ஸ்பிண்டில் மோட்டார்மீதுதான். அதை மாற்றும்போது மோட்டாரின் மேல் சிடி அமரும் பழைய தட்டு நின்ற உயரத்தைக் காலிப்பரில் அளந்து குறித்துக்கொண்டு, புதியதையும் அதே உயரத்தில் அழுத்திப் பொருத்துங்கள்.