நீண்ட காலமாக வெளிவரும் ஓர் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கதைக்குள் ஆடும் வீடியோ கேம்) தொடரில் உங்களை மிகவும் ஏமாற்றிய அடுத்த பாகம் எது? ஏன்?

என் பதில், 2011 மார்ச்சில் வெளிவந்த டிராகன் ஏஜ் 2. கதையின் முக்கியத் திருப்பங்கள் அனைத்தையும் சொல்லித்தான் காரணத்தை விளக்க முடியும் என்பதால், இதுவரை விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் பாகத்தைப் போல இல்லை என்பதுதான் இந்த விளையாட்டின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. என் வருத்தம் வேறு. முதல் பாகத்தைவிட அரிதான ஒரு கதை யோசனையை இது கையில் எடுத்தது. அந்த யோசனை உயிர்பெறத் தேவையான ஒன்றே ஒன்றை மட்டும் அதற்குக் கொடுக்காமல் விட்டது.

முதல் பாகமான டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் 2004-இல் அறிவிக்கப்பட்டு 2009 நவம்பரில்தான் கடைக்கு வந்தது. பால்டர்ஸ் கேட் என்ற பழைய கணினி ஆர்பிஜியின் மரபில் வந்த விளையாட்டு அது. பிரபு வீட்டுப் பிள்ளை, மந்திரவாதி, நகரத்துச் சேரியில் வாழும் எல்ஃப் (கூர்மையான காதுகள் கொண்ட கற்பனை இனத்தவர்), காட்டில் திரியும் எல்ஃப், குள்ளர்களின் அரச வாரிசு, அதே குள்ளர்களால் சாதியற்றவன் என்று ஒதுக்கப்பட்டவன் என ஆறு வெவ்வேறு தொடக்கங்கள் அதில் இருந்தன. எங்கே பிறந்தோம் என்பதைப் பொறுத்து ஊரார் நம்மிடம் பேசும் தொனியே மாறியது. சண்டையை நிறுத்திவைத்து, கேமராவை உயரே கொண்டுபோய், நம் குழுவின் நால்வருக்கும் தனித்தனியாகக் கட்டளையிட்டு, வாசலில் பொறி வைத்து எதிரியை அதற்குள் இழுத்துவரும் பொறுமையான ஆட்டம் அது. அதற்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையே இருந்தவை வெறும் பதினாறு மாதங்கள். இவ்வளவு பெரிய கதை விளையாட்டுக்கு அது மிகக் குறைந்த அவகாசம். நான் கீழே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறந்தவை என்று நினைக்கிறேன்.

இனி அந்த யோசனைக்கு வருகிறேன். உலகத்தை அழிக்க வரும் தீய சக்தியை ஒரு வீரன் தடுத்து நிறுத்துவதே இவ்வகை விளையாட்டுகளின் வாடிக்கையான கதை. டிராகன் ஏஜ் 2 அதை ஒதுக்கிவிட்டு, போரில் ஊரை இழந்து, தாயையும் உடன்பிறப்பையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, கிர்க்வால் என்ற நகரத்தின் வாசலில் அகதியாக வந்து நிற்கும் ஹாக் என்ற ஒருவரின் ஏறத்தாழ ஏழு ஆண்டு வாழ்க்கையைச் சொல்ல முனைந்தது. கதையை நமக்குச் சொல்வதும் ஹாக் அல்ல; அவருடைய நண்பன் வேரிக், கஸாண்ட்ரா என்ற விசாரணை அதிகாரியின் முன் அமர்ந்து சொல்கிறான். தொடக்கச் சண்டையில் நாம் அளவுகடந்த பலத்துடன் எதிரிகளைச் சிதறடிக்கும்போது கஸாண்ட்ரா குறுக்கிட்டு, இது பொய், நடந்ததைச் சொல் என்று அதட்டுகிறாள். உடனே அதே நிகழ்ச்சி, களைத்துப்போன ஒரு குடும்பம் உயிருக்கு ஓடும் காட்சியாக மீண்டும் தொடங்குகிறது. கதைசொல்லியை முழுதாக நம்பக் கூடாது என்பதை ஒரு வரி வசனத்தில் விளக்காமல் நம் கையில் கொடுத்தே உணர்த்திய அந்த ஐந்து நிமிடங்களைக் கண்டபோது, இந்தத் தொடர் முதல் பாகத்தையும் தாண்டிப் போகப்போகிறது என்று உண்மையிலேயே நம்பினேன்.

ஒரே நகரத்தில் பல ஆண்டுகளை நகர்த்தும் கதைக்கு எது உயிர்? அந்த நகரம் மாறுவதுதான். மூன்று ஆண்டுகள் கழிந்தன என்று வேரிக் சொல்கிறான். நான் கீழ்நகரத் தெருவில் இறங்கிப் பார்க்கிறேன். அதே மூட்டைகள், அதே கடைக்காரர்கள், அதே மூலையில் அதே ஆட்கள். மீண்டும் மூன்று ஆண்டுகள் கழிகின்றன. இடையே குனாரி என்ற அயல் இனத்து வீரர்கள் நகரத்தைத் தாக்கியிருக்கிறார்கள், ஆட்சியாளரின் தலை உருண்டிருக்கிறது, அகதியாக வந்த ஹாக் நகரத்தின் மாவீரர் என்று கொண்டாடப்படுகிறார். ஆனால் தெருவுக்கு இவற்றில் எதுவும் தெரியவில்லை. ஒரு கடை மூடியிருக்கலாம், ஒரு சுவர் இடிந்து கிடந்திருக்கலாம், முதல் ஆண்டில் தெருவில் ஓடிய சிறுவன் வளர்ந்து காவலர் உடையில் நின்றிருக்கலாம். இவற்றுள் ஒன்றிரண்டு கிடைத்திருந்தால்கூட அந்த ஏழு ஆண்டுகளை நான் மனதார ஏற்றிருப்பேன்.

குகைகளின் கதை இதைவிட வருத்தமானது. வெவ்வேறு பெயர்களில் வரும் குகைகள், கிடங்குகள், மாளிகைகள் எல்லாம் ஒரு சில வரைபடங்களே. சில வழிகளை மட்டும் அடைத்துவிட்டு அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒருமுறை கடற்கரைக் குகை ஒன்றில் நுழைந்தேன். திரையின் ஓரத்திலிருந்த சிறிய வரைபடம் வலப்பக்கம் ஒரு பாதை இருப்பதாகக் காட்டியது. அங்கே போனால் திறக்கவே முடியாத ஒரு கற்பலகை நிற்கிறது. வழியை அடைத்தவர்களுக்கு வரைபடத்திலிருந்து அந்தப் பகுதியை அழிக்க நேரம் இருக்கவில்லை. அந்தப் பலகையின் முன் நின்றபோது, முந்தைய பணி ஒன்றில் இதே பாதைக்குள் நடந்திருக்கிறேன் என்பதும், அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கும் என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தன. புதிய இடத்தைத் தேடிப் போகும் ஆவல் அந்த நொடியோடு என்னிடம் வற்றிவிட்டது. இத்தனைக்கும், மீதமிருந்த கதையை அறியும் ஆவல் அப்போதும் குறையவில்லை.

சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகமும் அழகும் கூடியிருந்தன. ஆனால் உயரே இருந்து களத்தைப் பார்க்கும் கேமரா போய்விட்டது. எதிரிகளோ அலை அலையாக வந்தார்கள். கண்முன் நிற்கும் ஐந்து பேரைக் கணக்கிட்டு, மந்திரவாதியைப் பின்வரிசையில் பத்திரமாக நிறுத்தினால், அந்த ஐவரும் விழுந்தவுடன் கூரையிலிருந்து இன்னும் ஆறு பேர் மந்திரவாதியின் முதுகுக்குப் பின்னால் குதிக்கிறார்கள். திட்டமிட்டதற்குப் பலன் இல்லை என்றால் யார்தான் திட்டமிடுவார்கள்?

இவ்வளவு சொன்னபின், எழுத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நகரத்தில் பெண்கள் காணாமல் போகும் வழக்கு ஒன்று முதல் அங்கத்தில் தொடங்கி, பெரிதாகக் கவனத்தை ஈர்க்காமல் ஓரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டாம் அங்கத்தில் ஒருநாள் வீடு திரும்பினால், தாய் லியாண்ட்ராவைக் காணவில்லை என்று மாமா கேம்லன் பதறுகிறார். வீட்டில் யாரோ அனுப்பிய வெள்ளை லில்லி மலர்கள் இருக்கின்றன. அந்த மலர்களின் பொருள் முந்தைய வழக்கிலேயே நமக்குத் தெரியும். இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து ஓடுகிறோம், எவ்வளவு விரைந்தாலும் தாயைக் காப்பாற்ற முடிவதில்லை. கடைசியாகச் சில வார்த்தைகள் பேசிவிட்டு அவள் நம் கையிலேயே உயிரை விடுகிறாள். தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டரும் அவருடைய குழுவினரும் இந்த வீரனுக்குத் தோல்வியையும் இழப்பையும் கொடுக்கத் துணிந்தார்கள். தோழர்களின் உறவை நட்பு, எதிர்ப்பு என்று இரு பக்கமாக வைத்து, நம்முடன் ஒவ்வொன்றிலும் முரண்படுபவரும் ஒருநாள் ஆழ்ந்த மதிப்புடன் நம் பக்கம் நிற்கலாம் என்று அமைத்ததும் இவ்வகை விளையாட்டுகளில் நான் அதிகம் காணாத நேர்த்தி.

அந்த எழுத்தும் முடிவில் சறுக்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. மந்திரவாதிகளைச் சிறைபோன்ற கோபுரங்களில் அடைத்துவைப்பது சரியா என்ற கேள்வியில்தான் மூன்றாம் அங்கம் முழுவதும் நிற்கிறது. தோழன் ஆண்டர்ஸ், மந்திரவாதிகளின் விடுதலைக்காக, நகரத்தின் சான்ட்ரி ஆலயத்தை உள்ளிருப்பவர்களோடு வெடிக்கச் செய்கிறான். பிறகு நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெட்டியின் மேல் அமர்ந்து, நம் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறான். கொல்வதா விடுவதா என்று முடிவெடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று; அந்த இடத்தின் கனம் அத்தகையது. அதன்பின் நாம் மந்திரவாதிகள் பக்கம் சேரலாம், அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர் வீரர்கள் பக்கமும் சேரலாம். ஆனால் மந்திரவாதிகளுக்காகப் போராடினாலும் அவர்களின் தலைவர் ஆர்சினோ இரத்த மந்திரத்தில் இறங்கிக் கொடிய உருவெடுத்து நம்மையே தாக்குகிறார். டெம்ப்ளர்களுக்காகப் போராடினாலும் அவர்களின் தலைவி மெரெடித் இறுதியில் நம் மீதே வாளை ஓங்குகிறாள். எந்தப் பக்கம் நின்றாலும் இருவரோடும் சண்டையிட்டாக வேண்டும். ஏழு ஆண்டுகளாக இரு தரப்பு வாதங்களையும் கேட்டுக் கேட்டு நாம் வந்தடைந்த முடிவுக்கு, அந்தக் கடைசி மணிநேரத்தில் மதிப்பே இல்லாமல் போகிறது. மெரெடித்தின் வெறிக்குக் காரணமான செந்நிற லைரியம் என்ற மந்திரத் தாது, முதல் அங்கத்தில் ஹாக்கின் பயணம் பூமிக்கடியிலிருந்து வெளியே கொண்டுவந்த சிலையிலிருந்து வந்தது. தன் குடும்பத்தைக் கரையேற்ற ஹாக் எடுத்த முயற்சியே நகரத்தைக் குலைத்தது என்ற அருமையான முடிச்சு அங்கே கிடந்தது. அதை வைத்து ஹாக்கிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். கதையோ அதை வில்லியின் ஆயுதமாக மட்டும் பயன்படுத்திவிட்டு நகர்ந்தது.

2014-இல் வந்த மூன்றாம் பாகமான இன்குவிசிஷன், இடங்கள் போதவில்லை என்ற புகாருக்குப் பதில் சொல்வதுபோல் பரந்த நிலப்பரப்புகளைக் கொடுத்தது; அவற்றில் பல மணிநேரம் மூலிகை பறித்தபோது, கிர்க்வாலின் நெருக்கமான தெருக்களுக்கு மனம் ஏங்கியது. அந்தப் பாகத்தின் நடுவே ஹாக் திரும்ப வருகிறார். ஆவி உலகத்திலிருந்து தப்பிக்கும் வேளையில், வழியை மறித்து நிற்கும் பூதத்தைத் தடுக்க ஒருவர் பின்தங்க வேண்டும்: ஹாக், அல்லது உடன்வந்த கிரே வார்டன் என்ற வீரர் படையைச் சேர்ந்தவர். என் கதையில் அந்த வார்டன், நான் உயிராக நேசித்த முதல் பாகத்தின் தோழன் அலிஸ்டர். யாரை விட்டுச்செல்வது என்று திரை கேட்டபோது விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு எழுந்துபோனேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, அலிஸ்டரை விட்டுவிட்டு ஹாக்கை அழைத்துக்கொண்டு வெளியேறினேன்.