நண்பர் மன்னிக்க மறுத்தால் யூதர்களின் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூரில் இருக்கும் நோன்பு போதுமா?

போதாது. வாங்கிய கடனை இல்லவே இல்லை என்று நண்பரிடம் சாதித்ததாகவும், இருமுறை மன்னிப்புக் கேட்டும் அவர் மசியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடவுளுக்கு எதிரான பாவத்துக்கே அந்த நாள் பரிகாரம்; சக மனிதருக்குச் செய்த தீங்குக்கு, அவரைச் சமாதானப்படுத்தும்வரை பரிகாரம் இல்லை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா.

பணத்தைக் கொடுத்துவிட்டீர்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை. தடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மன்னிப்பு அவரை இன்னொரு முறை புண்படுத்தும்.

முதலில் முழுத் தொகையையும் கொடுங்கள். பிறகு, செய்த தவறு இன்னதென்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். "ஏதாவது தவறு செய்திருந்தால்" என்ற பேச்சு வேண்டாம். அப்போதும் மறுத்தால், நண்பர்கள் மூவருடன் சென்று கேட்க வேண்டும் என்கிறார் 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ். அப்படி மூன்று முறை சென்றும் இணங்காவிட்டால் விட்டுவிடலாம். அதன்பின் குற்றம் மறுப்பவருடையது.

ஆனால் அவர் உங்கள் ஆசிரியராகவும் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஆயிரம் முறையானாலும் போய்க் கேட்க வேண்டும்.