ஒரே இசையில் இத்தனை ரெக்கே பாடல்கள் எப்படி?

ஜமைக்காவின் ரெக்கே வகைப் பாடகர்கள் ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வண்டரின் 'நோ லெட்டிங் கோ' இரண்டிலும் ஒரே கைதட்டல் தாளம் கேட்கிறதே, யார் யாரைக் காப்பியடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் காப்பியடிக்கவில்லை. இரண்டுக்கும் அடியில் ஓடுவது தயாரிப்பாளர் லெங்கி மார்ஸ்டன் அமைத்த 'திவாலி' ரிதிம்.

பேஸும் (கனத்த தாழ்சுருதி இசை) டிரம்ஸும் முன்னிற்கும் பின்னணி இசையைத்தான் ஜமைக்காவில் ரிதிம் என்கிறார்கள். தயாரிப்பாளர் அதைப் பல பாடகர்களுக்குக் கொடுப்பார். மெட்டும் வரிகளும் அவரவருடையவை. 1960களின் கடைசியில் இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய 'வெர்ஷன்' வரத் தொடங்கியது. யூ-ராய் போன்றவர்கள் அதன்மேல் மைக்கில் தாளத்தோடு பேசினார்கள், கூட்டம் கொண்டாடியது. சிக்கனமும் ஒரு காரணம்: வாத்தியக்காரர்களுக்கு ஒருமுறை கூலி கொடுத்தால் பல பாட்டு எடுக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது 1985இல் தயாரிப்பாளர் கிங் ஜாமி வெளியிட்ட 'ஸ்லெங் டெங்' ரிதிம். கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளம்தான் அதன் அடிப்படை! முதலில் வெய்ன் ஸ்மித் பாடினார், அப்புறம் நூற்றுக்கணக்கானோர். வெய்ன் ஸ்மித்தின் பாட்டையும் அதே ரிதிமில் டெனர் சா பாடிய 'பம்ப்கின் பெல்லி'யையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பேஸ் அதேதான், ஆனால் டெனர் சாவின் குரலில் ஒரு ஏக்கம் வந்துவிடும்.