ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக?

வணக்கம் மேடம்,

மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், பயாலஜி குரூப். நான் அந்தக் காலத்து காமர்ஸ். ராத்திரியில் அவளுக்குத் துணையாக உட்காரும்போது நானும் புத்தகத்தைப் புரட்டுவேன். டி.என்.ஏ. இரட்டிப்பாதல் பாடத்தில் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டோம். இரண்டு இழை பிரிகிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரே புது இழை உருவாகிறது, அதுவரை சரி. ஆனால் ஒரு பக்கம் புது இழை நிற்காமல் உருவாகிறதாம், இன்னொரு பக்கம் துண்டு துண்டாக உருவாகி அப்புறம் ஒட்டப்படுகிறதாம். ஏன் என்று டியூஷனில் கேட்டதற்கு, "பாலிமரேஸ் 5-லிருந்து 3-க்குத்தான் போகும், எழுதிக்கோ" என்றார்களாம். இத்தனை கோடி வருஷத்தில் மறுபக்கம் போகிற ஒன்று இயற்கைக்குக் கிடைக்கவே இல்லையா? அவள் வரைந்த படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

க., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள க.,

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு இழையின் இரண்டு முனைகளுக்கும் 5, 3 என்று பெயர். பழைய இழைகளின் முனைகளில் அவற்றைச் சரியாகவே குறித்திருக்கிறாள். ஆனால் கீழே உள்ள துண்டுகளுக்கு எண் போடவில்லை. அதனால்தான் அவற்றின் அம்புகளும் மேல் இழையின் அம்பைப் போலவே இழைகள் பிரியும் கவட்டையைப் பார்த்து நிற்கின்றன. அவை கவட்டைக்கு முதுகைக் காட்ட வேண்டும். எவ்வளவு சின்னத் துண்டானாலும் இரண்டு முனைக்கும் எண் போடச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஜோடி இழைகள் எப்போதும் எதிரெதிர்த் திசையில் கிடக்கின்றன. பாலிமரேஸ் என்பது புது இழையைக் கோக்கும் நொதி. இழையின் ஒவ்வொரு கண்ணியையும் (நியூக்ளியோடைடு) ஒரு எழுத்து என்று வைத்துக்கொள்வோம், ஏ, டி, ஜி, சி என நான்கு வகை. பாலிமரேஸ் புது எழுத்தை 3 முனையில் மட்டுமே சேர்க்கும். ஒரு பக்கம் அது நகரும் திசையும் கவட்டை விரியும் திசையும் ஒன்றாக அமைகின்றன, நிற்காமல் போகிறது. மறுபக்கத்தில் இரண்டும் எதிரெதிர். கொஞ்ச தூரம் விரியும்வரை காத்திருந்து, பத்துப் பன்னிரண்டு எழுத்து நீள ஆர்.என்.ஏ. ஒன்றைத் தொடக்கமாக வைத்து, பின்னோக்கி நகலெடுத்து, முந்தைய துண்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து. பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 எழுத்து வரை இருக்கும், நம் செல்களில் 100 முதல் 200 வரைதான். அந்த ஆர்.என்.ஏ.வை நீக்கி, இடைவெளியை நிரப்பிய பிறகு, லைகேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டுகிறது.

டியூஷனில் சொன்னது தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒரு எழுத்தைச் சங்கிலியில் சேர்க்க ஆற்றல் வேண்டும். அதை வருகிற எழுத்தே கொண்டுவருகிறது. அதன் 5 பக்கத்தில் மூன்று பாஸ்பேட் தொங்கும். இரண்டு கழன்று விழும்போது கிடைக்கும் ஆற்றலில் பிணைப்பு உண்டாகிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகிற ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவர் அவரவர் காசைக் கொடுக்கிறார். தவறி ஏறிவிட்ட ஒருவரை இறக்கிவிட்டாலும் அடுத்து ஏறுகிறவர் தன் காசோடு வருவார், வண்டி ஓடும். இதையே மாற்றி, புதிதாக ஏறுகிறவருக்கான காசைக் கடைசியாக ஏறியவர்தான் தர வேண்டும் என்று வைத்தால்? அவரை இறக்கிய நிமிஷமே வண்டி படுத்துவிடும்.

மறுபக்கம் போகிற பாலிமரேஸ் ஒன்று இருந்தால் அதன் கதி இதுதான். ஆற்றல் தரும் மூன்று பாஸ்பேட் வளர்கிற சங்கிலியின் நுனியிலேயே இருக்கும். தவறான எழுத்து என்று நுனியை வெட்டினால் ஆற்றலும் அதோடு போய்விடும், அடுத்த எழுத்தைச் சேர்க்க வழியில்லை. அதாவது, அப்படிப்பட்ட பாலிமரேஸ் நகலெடுக்கலாம், ஆனால் சுலபமாகத் திருத்த முடியாது. மறுபக்கம் போகிற ஒன்று நிலைக்காமல் போனதற்கு உயிர்வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். எனக்கும் இது நம்பும்படியாகவே இருக்கிறது.

திருத்தம் அவ்வளவு முக்கியமா என்றால், ஆமாம். ஜிக்கு எதிரே சி வர வேண்டிய இடத்தில் டி வந்து உட்கார்ந்துவிடுகிறது என்று வையுங்கள். ஜோடி சரியாகப் பொருந்தாது, நுனி கோணலாகிவிடும். அடுத்த எழுத்தைச் சேர்ப்பது தாமதமாகும். அந்தத் தாமதத்தில் புது இழையின் நுனி பழைய இழையை விட்டுப் பிரிந்து, அதே பாலிமரேஸில் உள்ள இன்னொரு பள்ளத்துக்குள் நழுவுகிறது. அங்கே தவறான எழுத்து வெட்டப்படுகிறது. நுனி பழைய இடத்துக்குத் திரும்பி வேலையைத் தொடர்கிறது. வினாடிக்குச் சுமார் 1,000 எழுத்து வேகத்தில் ஓடும் பாக்டீரியா பாலிமரேஸ் இதையும் செய்துகொண்டேதான் ஓடுகிறது.

திருத்தம் இல்லாவிட்டால் சுமாராக லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை வரும். நம் செல் ஒன்றில் 600 கோடி எழுத்து ஜோடிகள் இருக்கின்றன. காமர்ஸ்காரர் நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஒரு பகுப்பில் உருவாகும் ஒவ்வொரு செல்லுக்கும் 60,000 பிழை. பாலிமரேஸின் திருத்தம் இதைக் கோடிக்கு ஒன்று என்கிற அளவுக்குக் கொண்டுவருகிறது. பின்னால் வரும் இன்னொரு பழுதுபார்ப்பு நூறு கோடிக்கு ஒன்று வரை இறக்குகிறது.

இந்தத் துண்டுகளுக்கு 'ஒகசாகி துண்டுகள்' என்று பெயர் வரக் காரணமானவர்கள் பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகம் 'ஒகசாகி' என்று ஒருவரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகும், உண்மையில் அவர்கள் கணவன் மனைவி: ரெய்ஜி, சுனேகோ. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாவுக்குச் சில வினாடிகள் மட்டும் கதிரியக்க தைமிடின் (டி எழுத்துக்கான மூலப்பொருள்) கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வினாடிகளில் உருவான டி.என்.ஏ. குட்டைத் துண்டுகளாகச் சிக்கியது. கூடுதல் நேரம் விட்டபோது அதே கதிரியக்கம் நீளமான இழைகளில் தெரிந்தது. 1968-இல் இதை வெளியிட்டார்கள். சிறுவயதில் ஹிரோஷிமா குண்டுவீச்சுக்குத் தப்பிய ரெய்ஜி, 1975-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார், வயது 44. துண்டுகளின் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ. இருக்கிறது என்பதை உறுதிசெய்யும் வேலையைச் சுனேகோ தொடர்ந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நஷ்டமும் உண்டு, மகள் அடுத்து அதைத்தான் கேட்பாள். குரோமோசோமின் கடைக்கோடியில் கடைசி ஆர்.என்.ஏ.வை எடுத்த பிறகு அந்த இடத்தை நிரப்ப முடியாது, பிடித்துத் தொடர ஒரு 3 முனை அங்கே இல்லை. ஆகவே செல் பிரியும் ஒவ்வொரு முறையும் நுனி கொஞ்சம் குறைகிறது. அதை ஈடுகட்டும் டெலோமரேஸ் என்ற நொதி நம் உடலின் பெரும்பாலான செல்களில் வேலை செய்வதில்லை, இனப்பெருக்கச் செல்களை உருவாக்கும் செல்களில் செய்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. வட்டமானது என்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.