தலையீற்றுத் தாய்ப்பூனையும் பீரோவுக்குப் பின்னால் போன குட்டிகளும்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஓராண்டாக எங்கள் வீட்டில் வளைய வரும் பூனை, மூன்று நாட்களுக்கு முன் மாடிப்படிக்கு அடியில் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே நான்கு குட்டிகளை ஈன்றது. இதுதான் அதற்குத் தலையீற்று. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நேற்று இரண்டு குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்ப் படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டது. மற்ற இரண்டும் பழைய இடத்திலேயே கத்திக்கொண்டு கிடக்கின்றன. மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று என் மாமியார் தடுக்கிறார். பால் போதவில்லையோ என்றும் பயமாக இருக்கிறது. பசும்பாலைப் பஞ்சில் நனைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: முதலில் அந்த இரண்டு குட்டிகளையும் தொட்டுப் பாருங்கள். உடல் சில்லென்றிருந்தால், மெல்லிய துணியில் பொதிந்து உங்கள் உடலோடு அணைத்தபடி சிறிது சிறிதாகச் சூடேற்றிய பிறகே தாயிடம் விடவேண்டும். பிறந்து ஒரு வாரம் வரை பூனைக்குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் திறன் கிடையாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் உடலுமே அதற்குப் போர்வை. குளிர்ந்துபோன குட்டியின் குடல் சரியாக இயங்காது என்பதால், அந்த நிலையில் எந்தப் பாலைப் புகட்டினாலும் அது செரிக்காமல் கேடே செய்யும். கத்துகிறதே என்று உடனே பால் கிண்ணத்தைத் தேடுவதுதான் நம் வழக்கம். சூடு முதலில், பால் அதற்குப் பிறகு.

உங்கள் மாமியார் சொல்வது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தவறும் இல்லை. மனித வாடை பட்டதாலேயே குட்டியை ஒதுக்கும் தாய்ப்பூனை மிக அரிது. உங்களோடு ஓராண்டு பழகிய பூனை நிச்சயமாக அப்படிச் செய்யாது. ஆனால் அடிக்கடி தூக்குவதும், பார்வையாளர்கள் வரிசையாக வந்து குனிந்து பார்ப்பதும் அந்த இடம் பத்திரமானதல்ல என்ற எண்ணத்தை அதற்கு ஏற்படுத்திவிடும். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாறும் என்று நம் வீடுகளில் சொல்வதும், நிலைகொள்ளாமல் தவிப்பவரைக் ‘குட்டி போட்ட பூனை’ என்பதும் இந்த இயல்பைப் பார்த்துத்தான். ஏழு என்பதில் கணக்கு ஒன்றுமில்லை. தொந்தரவு நிற்கும் வரை அது மாறிக்கொண்டே இருக்கும். தலையீற்றுப் பூனை இடையில் குழம்பி, பாதிக் குட்டிகளை இங்கும் பாதியை அங்குமாக விட்டுவிடுவதும் உண்டு.

ஆகவே, அது தேர்ந்தெடுத்த படுக்கையறையையே பிரசவ அறையாக ஒப்புக்கொள்ளுங்கள். தாய் நுழையவும், குட்டிகள் உருண்டு வெளியே விழாமல் இருக்கவும் ஏற்றவாறு ஒரு பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் விட்டு வெட்டிய அட்டைப்பெட்டியைப் பீரோவை ஒட்டி வையுங்கள். உள்ளே பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ விரிக்கலாம். நூல் வளையங்கள் நிறைந்த துவாலை வேண்டாம், குட்டிகளின் நகம் அதில் மாட்டிக்கொள்ளும். தாய் ஏற்கெனவே படுத்திருந்த துணி ஒன்றையும் போட்டு, கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு குட்டிகளையும் ஒன்றாக உள்ளே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறிவிடுங்கள். வைணவத்தில் தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயத்தில், தாய் கவ்விய குட்டி எந்த முயற்சியும் இன்றித் தன்னை ஒப்படைத்துவிடுகிறது அல்லவா? அது வெறும் உவமை இல்லை. பிடரியைத் தாய் கவ்வியதும் குட்டி காலை மடக்கி அசையாமல் தொங்குவது உடலின் அனிச்சைச் செயல். ஆனால் அந்தப் பிடி தாய்க்கே உரியது. நீங்கள் தூக்கும்போது உள்ளங்கையால் முழு உடலையும் தாங்கித்தான் தூக்கவேண்டும். பெட்டியை மறுத்து மீண்டும் பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோனால் பிடிவாதம் வேண்டாம். துணியை அங்கேயே விரித்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் நம் ஊர் அறை வெப்பமே குட்டிகளுக்குப் போதும். ஆனால் மார்கழி இரவும், மழை நாளின் மொசைக் தரையும் வேறு விதம். அப்போது மிதமான வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி விலகிப் போக மறுமூலை காலியாக இருக்கவேண்டும்.

பால் போதுமா என்பதற்குத் தாயின் மடியைவிடக் குட்டிகளே நல்ல சாட்சி. வயிறு நிறைந்த குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கும். பசியிலோ குளிரிலோ இருப்பவைதான் ஓயாமல் கத்தும். சமையலறைத் தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொன்றையும் எடை பாருங்கள். பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏறி, இரண்டு வாரத்தில் இரு மடங்காகவேண்டும். ஒரு முழு நாள் எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பசும்பால் வேண்டாம். பூனைப்பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ பாதிதான் பசும்பாலில் இருக்கிறது. அதிலுள்ள பால் சர்க்கரை குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். தாய்ப்பால் உண்மையாகவே இல்லை என்று உறுதியானால், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்மாவைக் கரைத்து, குட்டியைக் கவிழ்ந்து படுத்த நிலையிலேயே வைத்துச் சிறிய புட்டியால் புகட்டவேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி மூச்சுத் திணறி வந்த குட்டிகளில் பலவற்றை என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை. மற்றபடி, பிறந்த முதல் நாளில் சுரக்கும் சீம்பாலை உங்கள் குட்டிகள் தாயிடமே குடித்துவிட்டன என்பது பெரிய ஆறுதல்; நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் உறிஞ்சிக்கொள்வது அந்த முதல் நாளோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

குட்டிகளுக்கு ஊட்ட நினைக்கும் கை தாய்க்கு ஊட்டட்டும். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு உணவு தேவைப்படும். பால்சோறு போதாது, நாம் உண்ணும் குழம்புச்சோறோ வெங்காயமும் பூண்டும் கலந்தது, இரண்டுமே பூனைக்கு நஞ்சு. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழி, முள் நீக்கிய மீன், வேகவைத்த முட்டை ஆகியவற்றையோ, குட்டிகளுக்கென விற்கும் பூனை உணவையோ நாளைக்கு நான்கைந்து முறை பெட்டிக்கு அருகிலேயே வையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மணல் தட்டு சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

மடிக்காம்பு ஒன்று கல்லாகிச் சுடுவதும், துர்நாற்றத்தோடு சீழ் போன்ற கசிவு வருவதும், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பதும் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டிய அறிகுறிகள். கால் விறைத்துத் தள்ளாடுதல், உடல் உதறுதல், வாயைத் திறந்து இளைத்தல் ஆகியவை இரத்தத்தில் கால்சியம் குறைந்ததால் இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலாக இருக்குமோ என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

கேள்வி: குட்டிகள் இருக்கும் பெட்டியில் எறும்பு மொய்க்கிறது. எறும்புச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடலாமா? தரையைப் பினாயில் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் கூடாது. சாக்பீஸில் இருக்கும் பூச்சிக்கொல்லியையும், பினாயில் வகையையும் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. தாயின் பாதத்தில் ஒட்டியது நக்கும்போது வயிற்றுக்குப் போகும், மடியில் ஒட்டியது குட்டியின் வாய்க்குப் போகும். ஆனால் எறும்பை அலட்சியமும் செய்யாதீர்கள். ஓடத் தெரியாத குட்டிகளை அது கண்ணிலும் தொப்புளிலும் கடித்துப் புண்ணாக்கிவிடும். பெட்டியை ஒரு தாழ்வான ஸ்டூலில் வைத்து, நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பாட்டி பலகாரப் பானைக்குச் செய்த அதே வித்தைதான். தாய் ஏறி இறங்க இடம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமான துணியைத் தினமும் மாற்றினால் பாதி எறும்பு வராது.

கேள்வி: குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆகிறது. தாய் இரண்டு மணி நேரம் வரை காணாமல் போகிறது. கடுவன் பூனை ஒன்றும் சுற்றுகிறது. கைவிட்டுவிடுமோ?
– வாசகி, மேட்டூர்

பதில்: கைவிடாது. முதல் இரண்டு நாள்தான் ஏறக்குறைய முழு நேரமும் படுத்திருக்கும். பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போவது இயல்பு. கடுவன் குட்டிகளைக் கொல்லக்கூடியது என்பதால் அறை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். அது சுற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும். ஆகவே தாயை இப்போதைக்கு வெளியே விடாமல் வைத்திருந்து, எட்டு வாரத்தில் குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துவிடுங்கள்.