வாத்துக் குஞ்சுக்கு என்ன கொடுப்பது? மலையக வாசகர்களின் கேள்விகள்

முட்டையிலிருந்து வந்து ஒரு நாளாகிறது. எதையும் கொத்தவில்லை. வாயைத் திறந்து ஊட்டலாமா? (ஹட்டன்)

ஊட்ட வேண்டாம். பொரிக்கும் முன்பே மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். முதலில் தண்ணீர் காட்டுங்கள், அலகு நுனியை ஒரு தடவை நனைத்துவிட்டால் பழகிக்கொள்ளும். இரண்டாம் நாளும் தின்னவில்லையென்றால் சூட்டைக் கவனியுங்கள். குளிரில் விறைத்த குஞ்சு தீனியைத் தொடாது. முதல் வாரம் பெட்டிக்குள் சுமார் 32 பாகை செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். ஹட்டன் இரவுக்கு பல்ப் இல்லாமல் சரிவராது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் சூடு போதவில்லை. மூலைக்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

கோழிக் குஞ்சுத் தீனிதான் கொடுக்கிறோம் டொக்டர். பத்து நாளில் ஒரு குஞ்சுக்குக் கால் வளைந்து, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. (பண்டாரவளை)

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் நியாசின் குறைவு, அதாவது விட்டமின் பி3. ஒரு கிலோ தீனியில் வாத்துக் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் நியாசின் தேவை. கோழிக் குஞ்சுக்கு 35 இருந்தாலே போதும். புரதத்திலிருந்து நியாசினைத் தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்வதில் வாத்து கோழியைவிடப் பலவீனம். வளர்ச்சியோ கோழியைவிட வேகம். அதனால் உடம்பு கனக்க, கால் தாங்காமல் வளைகிறது, மூட்டும் வீங்குகிறது.

கோழித் தீனியை நிறுத்த வேண்டியதில்லை, நியாசினைச் சேர்த்தால் போதும். ஒரு கோப்பைத் தீனிக்கு ஒரு மேசைக்கரண்டி புரூவர்ஸ் ஈஸ்ட் தூள் (பியர் தயாரிக்கும் ஈஸ்ட்டை உலர்த்திய, உயிரற்ற தூள்) கலக்கலாம். பாண் சுடும் ஈஸ்ட் வேறு, அது உயிருள்ளது, வயிற்றில் நொதிக்கும். அதைக் கொடுக்காதீர்கள். புரூவர்ஸ் ஈஸ்ட் கிடைக்காவிட்டால் நல்ல அரிசித் தவிடும் அவித்து மசித்த பட்டாணியும் கைகொடுக்கும். ஆனால் ஏற்கெனவே வளைந்த காலுக்கு அவை போதாது. கால்நடை வைத்தியரிடம் அளவு கேட்டு, தண்ணீரில் கரைக்கும் விட்டமின் பி மருந்தை இன்றே ஆரம்பியுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பல குஞ்சுகள் சில நாட்களில் தேறிவிடும். மூட்டின் தசைநாண் விலகிவிட்டால் திருத்துவது மிகக் கடினம், ஆகவே நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அப்புறம், வாங்கும்போது பையைப் பாருங்கள். முட்டைக் கோழிக்கான லேயர் தீனியில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

மழையில் புண்ணாக்கு மூட்டை பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா? (இராகலை)

கூடாது. ஒரு பிடிகூடக் கூடாது. பூஞ்சணத்தில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வெயிலும் கொதிநீரும் பூஞ்சணத்தைக் கொன்றாலும் நஞ்சு அப்படியே இருக்கும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கால்தான். வாத்துக் குஞ்சுகளும் அதில் செத்தன. இந்த நஞ்சை வாத்துக் குஞ்சு அளவுக்குத் தாங்க மாட்டாத பண்ணைப் பறவை வேறில்லை என்பதால், தீனியில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே முன்பு ஆய்வுகூடங்களில் அதைப் பயன்படுத்தினார்கள்.

நம் ஊர்ப் பனியிலும் தூறலிலும் தீனி தானாகவே ஈரம் இழுக்கும். மலிவாக இருக்கிறதென்று மூட்டையாக வாங்காமல், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சிமெந்துத் தரையில் வைக்காமல், பலகைமேல், மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். தண்ணீர் விட்டுக் குழைத்த தீனி சில மணி நேரத்தில் மிஞ்சினால் அள்ளிக் கொட்டிவிடுங்கள்.

பாண், ரொட்டி, சோறு? (மஸ்கெலியா)

வயிறு நிறையும், சத்து சேராது. முதல் இரண்டு வாரம் தீனியில் 20 முதல் 22 வீதம் புரதம் வேண்டும், அதன்பின் 16 முதல் 18 போதும். அவித்த முட்டையை மசித்துக் கொஞ்சம் கொடுக்கலாம். நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்து உப்புப் போகக் கழுவித்தான், உப்பை இவற்றால் தாங்க முடியாது.

தோட்டத்து மரக்கறிக் கழிவைப் போடலாமா? (வெலிமடை)

சலாது இலை, கெரட் தழை நல்லது. பொடியாக அரிந்து தண்ணீரில் மிதக்கவிட்டால் ஆசையாகத் தின்னும். இலை கொடுக்கும் நாளில் கொஞ்சம் பருமணலும் வையுங்கள், அரைக்க அது வேண்டும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோலும் முளையும், லீக்ஸ், வெங்காயம், வேகாத போஞ்சி விதை, ஆனைக்கொய்யா எல்லாம் விலக்க வேண்டியவை. ஆனைக்கொய்யாவின் இலையும் தோலும்கூடப் பறவைகளுக்கு நஞ்சு. மருந்து அடித்த பாத்தி இலையைத் தொடவே வேண்டாம்.

கோழி அடைகாத்துப் பொரித்த தாராக் குஞ்சுகள். பிள்ளைகள் பேசினில் நீந்தவிடக் கேட்கிறார்கள். (நானுஓயா)

குடிக்கும் தண்ணீர் மூக்குத் துளை நனையும் ஆழம் இருக்க வேண்டும். தீனி தூளாக இருப்பதால் மூக்கு அடைபடும், அதைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் தேவை. தீனிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், தண்ணீர் இல்லாமல் தீனி மட்டும் இருந்தால் தொண்டையில் அடைக்கும். குஞ்சு உள்ளே விழாதபடி தட்டில் கூழாங்கற்கள் போடுங்கள்.

நீச்சலுக்கு அவசரம் வேண்டாம். தாய் வாத்தின் கீழ் வளரும் குஞ்சின் மென்மயிரில் தாயின் எண்ணெய்ப் பூச்சும் ஒட்டும். கோழிக்கு அது இல்லை, அதனால் உங்கள் குஞ்சு சீக்கிரம் ஊறி நடுங்கும். இரண்டாம் வாரம் முதல், வெயில் இருக்கும் மதியத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க விடலாம். எடுத்ததும் துணியால் ஒற்றி, நேராக பல்ப் அடியில் விட்டுவிடுங்கள்.