வரி கட்டாதவர் யார்?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சான் சொல்கிறார், அங்கே வரி கட்டுகிறவர்கள் ஒன்றுசேர்ந்து வாக்கெடுப்பில் வென்று, பள்ளிக்கூடங்களுக்குப் போகும் சொத்து வரியையே குறைத்துவிட்டார்களாம். இங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு என்று அடிக்கடி காசு கேட்கிறார்கள். 'இனி ஒரு சதமும் தரமாட்டோம்' என்று நாங்களும் ஒரு சங்கம் தொடங்கினால் என்ன? வருமான வரி கட்டாத நாங்கள் கணக்குக் கேட்டால் சிரிப்பார்களோ?
- ஒரு தகப்பன், கொக்கட்டிச்சோலை

பதில்: மச்சான் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். 1978 ஜூனில் கலிபோர்னியா மக்கள் '13ஆம் முன்மொழிவு'க்கு வாக்களித்தார்கள். முன்னின்றவர் ஹோவர்ட் ஜார்விஸ். வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 1 வீதத்துக்கு மேல் சொத்து வரி இல்லை. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 வீதத்துக்கு மேல் ஏறாது. வீட்டு விலை ஏற ஏற வரியும் ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் வீட்டையே இழக்கும் பயத்தில் இருந்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயம்தான். பிறகு நடந்தது? சொத்து வரி வருமானம் பாதிக்கு மேல் விழுந்தது. பள்ளிக்கூடங்கள் மாநில அரசின் கையைப் பார்த்து நின்றன. வசதியான ஊர்ப் பெற்றோர் அறக்கட்டளை வைத்து நன்கொடை திரட்டித் தங்கள் பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். வசதியில்லாத ஊர்களுக்கு அந்த வழியும் இல்லை.

நாங்கள் வரிப் போராட்டம் எதுவும் இல்லாமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டோம். இலங்கையில் 1945 இலிருந்து கல்வி இலவசம். ஆனால் மின்விசிறிக்கும் பெயின்டுக்கும் பெற்றோர்தான். நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் லண்டனிலிருந்தும் அனுப்புவார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் நம் படுவான்கரைக்கு யார் அனுப்புவார்? நீங்கள் சங்கக் காசை நிறுத்தினால் அரசாங்கத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கென்று தனி வரி கிடையாது, பிரதேச சபை வாங்கும் சோலைவரியும் அங்கே போவதில்லை. நட்டம் உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குத்தான். (காசு தராத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அது வேறு விஷயம். அந்த உரிமை எந்த அதிபருக்கும் இல்லை. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள்.)

'வருமான வரி கட்டாத நாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி நூற்றுக்கு 18. சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் கட்டுகிறீர்கள். கூலிக்குப் போகிறவருக்கும் டொக்டருக்கும் ஒரே வீதம். சிரிக்க ஒன்றுமில்லை.

சரி, எதைக் கேட்பது? பெயின்ட் பில்லை வைத்துக்கொண்டு அதிபரோடு மல்லுக்கட்டுவது நம்மவர் வழக்கம். பாடசாலைச் செலவில் பெரும் பங்கு ஆசிரியர் சம்பளம். கணித ஆசிரியர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு இடமாற்றம் வாங்கிப் போய், பதிலுக்கு ஆள் வராவிட்டால், உங்கள் பிள்ளைக்கான காசும் அவரோடு பாலத்தைக் கடந்துவிட்டது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை? தர உள்ளீட்டு நிதி (கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கு அரசாங்கம் தரும் காசு) எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த மாதம் கைக்கு வந்தது?

மாகாண சபையில் கேட்கச் சொல்லலாம் என்றால், கிழக்கில் 2017 இல் கலைந்த சபைக்குப் பிறகு தேர்தலையே காணோம். ஆனால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, வரி கட்டிய பற்றுச்சீட்டும் கேட்கமாட்டார்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு.

புதுச் சங்கம் தொடங்குவது உங்கள் விருப்பம். ஆனால் பிள்ளை பாடசாலையில் சேர்ந்ததிலிருந்தே நீங்கள் அபிவிருத்திச் சங்கத்தில் ஓர் உறுப்பினர். அதன் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு மனைவியை அனுப்பிவிட்டு, சந்தியில் நின்று கணக்குப் பேசுகிற ஆட்களில் நீங்களும் ஒருவரா? அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.